வாய்க்காலில் கட்டிய மட்டிச் சாக்கு

மட்டி வாங்கினால் வீட்டில் எப்படி வைத்திருப்பது, எவ்வளவு நேரம் வேகவைப்பது என்று கண்டியில் என்னிடம் வந்து கேட்கிறார்கள். கடல் பக்கமே இல்லாத ஊரில், ரயில்வே பார்சல் கந்தோரில் வேலை பார்ப்பவனிடம் இதை ஏன் கேட்க வேண்டும் என்று புதிதாக வந்தவர்கள் நினைப்பார்கள். பழையவர்களுக்குக் காரணம் தெரியும். தெரிந்துகொண்டே கேட்கிறார்களே என்று சில நேரம் எனக்கு எரிச்சல் வருகிறது. ஆனாலும் சொல்லாமல் விடுவதில்லை.

மட்டி உயிரோடு இருக்க வேண்டும். ஓட்டைத் தட்டினால் வாயை மூட வேண்டும். மூடாததை வீசிவிட வேண்டும். ஈரச் சாக்கில் சுற்றி, வெயில் படாத இடத்தில், காற்றுப் போக வைக்க வேண்டும். மூடிபோட்ட தகரத்தில் அடைத்தால் மூச்சு முட்டிச் சாகும். வாளித் தண்ணீரிலோ ஓடுகிற தண்ணீரிலோ ஊறப்போடவே கூடாது. சமைத்த அன்றைக்கே தின்று முடிக்க வேண்டும். வாய் திறந்துவிட்டது என்று உடனே சட்டியை இறக்காமல், திறந்த பிறகும் நன்றாகக் கொதிக்க விட வேண்டும். ரப்பர் மாதிரி ஆகிவிடும் என்று வீட்டில் முணுமுணுப்பார்கள். ஆகட்டும், பல் இருக்கிறவர்கள் மென்று தின்னட்டும்.

இவ்வளவையும் எனக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்துத்தான் சொன்னார்கள். எப்படி அந்தக் கட்டிலுக்குப் போய்ச் சேர்ந்தேன் என்பதை இனி எழுதுகிறேன்.

நான் தெல்தெனியப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலு எழுத்துப் படித்து, ரயில்வேயில் ஒட்டிக்கொண்டவன். என் மனைவி ஞானம் யாழ்ப்பாணத்துக் கடற்கரைக் கிராமத்துப் பெண். எங்கள் இரண்டு பேரையும் முடிச்சுப் போட்டது கோயில் உபதேசியார். கண்டிக்கு வந்த பிறகு அவளுக்கு மழை பிடித்தது, குளிர் பிடித்தது, பெரஹரா ஊர்வலக் கூட்டம்கூடப் பிடித்தது. இங்கே கிடைத்த மீன் மட்டும் பிடிக்கவில்லை. ஐஸ் பெட்டியில் வருகிற நல்ல மீனெல்லாம் என் கையால்தான் ரயிலிலிருந்து இறங்கும். இறங்கி நேரே துரைமார் பங்களாவுக்குப் போகும். எங்கள் வீட்டுக்கு வந்தது கருவாடு. ஈஸ்டருக்கு முன் வருகிற தபசு காலம் வந்து இறைச்சியும் நின்றுபோனால் அவள் என்னைப் பார்த்துச் சிரிப்பாள். “எங்கட ஊரில தபசு காலமெண்டால் பேர்தான். இஞ்சதான் உண்மையான தபசு” என்பாள்.

அந்த வருஷத் தபசு காலத்தில் அவளுடைய அண்ணன் சவிரிமுத்து வந்தார். எனக்கு மச்சான். கருவாட்டு வியாபாரி, கண்டிக் கடைகளுக்குச் சரக்குப் போடுவதற்காக இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவார். அந்தத் தடவை கருவாட்டு மூட்டையோடு ஒரு ஈரச் சாக்கும் இறங்கியது. தங்கச்சி மட்டி தின்று எவ்வளவு காலம் என்று, விடியற்காலையில் அள்ளிய மட்டியைக் கொண்டுவந்திருந்தார். வழியெல்லாம் சாக்கு காய்ந்துபோகாமல் இருக்க ஒரு தகரத்தில் கடல் தண்ணீரும் கொண்டுவந்து தெளித்திருக்கிறார். மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு வருவதுபோல அதைக் கொண்டுவந்தார் என்று பிறகு ரயில் கார்டு சொன்னார்.

அன்று வியாழக்கிழமை. அடுத்த நாள் வெள்ளி, சந்தி நாள், இறைச்சி கிடையாது. அதற்காக ஞானம் மட்டியை மறுநாளுக்கு வைத்தாள். நான் முகம் கழுவிவிட்டு வந்தபோது சாக்கைக் காணவில்லை.

“சாக்கை எங்க வச்சீங்க மச்சான்?” என்று கேட்டேன்.

“பின்னால வாய்க்காலுக்குள்ள கட்டிவிட்டிருக்கிறன். ஓடுற தண்ணியில கிடந்தால் விடியிறதுக்குள்ள மண்ணெல்லாம் கக்கிப்போடும்” என்றார்.

அவர்கள் ஊரில் அப்படித்தான். சாயங்காலம் அள்ளிய மட்டியைக் கயிற்றுப் பையில் போட்டு, வீட்டுக்கு எதிரே கடலில் நட்ட கம்பில் கட்டிவிடுவார்கள். காலையில் மண் கக்கி, சுத்தமாக இருக்கும். பிறந்ததிலிருந்து செய்த வேலை. கண்டி கட்டுக்கலைப் பகுதியில் எங்கள் வீட்டு வரிசைக்குப் பின்னால் ஓடிய வாய்க்காலைப் பார்த்ததும் அவருடைய கை தானாக முடிச்சுப் போட்டிருக்கிறது. ஞானம் அதைக் கேட்டு, “அண்ணை மறக்கேல்லை, பாத்தீங்களே” என்று என்னிடம் பெருமைப்பட்டாள்.

அந்த வாய்க்காலின் மேல்பக்கத்தில் வாளிக் கக்கூஸ்கள் இருந்தன. வாளிகளை அதில்தான் அலசுவார்கள். மழை பெய்தால் தண்ணீர் தெளிவாக ஓடும். அன்றைக்கு மழை பெய்திருந்தது.

காலையில் ஞானம் ஒவ்வொரு மட்டியாகத் தட்டிப் பார்த்தாள். வாய் மூடாததையெல்லாம் எறிந்தாள். அவள் கவனக்குறைவாக எதுவும் செய்யவில்லை, இதை யாரும் மறக்கக்கூடாது. தேங்காய்ப்பால் விட்டு, வாய் திறந்ததும் சட்டியை இறக்கி, தேசிக்காய் பிழிந்தாள். அதுதான் அவர்கள் பக்குவம். மகள் மேரிக்கு மூன்று வயது. அதன் மணம் பிடிக்காமல் வாயைப் பொத்திக்கொண்டாள். நாங்கள் மூன்று பேரும் விரலைச் சூப்பிச் சூப்பிச் சாப்பிட்டோம். மிச்சத்தை ஞானம் மறுநாள் காலையில் பிட்டோடு தின்றாள். எனக்கும் மச்சானுக்கும் அவள் கொடுக்கவில்லை. “நீங்கள் ஆம்பிளையள் நேற்றே நிறைய வெட்டியாச்சு” என்றாள்.

ஒருவருக்கும் வயிறு வலிக்கவில்லை. வாந்தி இல்லை. இதைச் சொல்வது எதற்காக என்றால், கெட்ட மட்டி என்றால் அன்றைக்கே வயிற்றைப் பிடிக்கும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். எங்களுடையது பொறுமையாக வந்தது. வாரம் ஒன்றுக்கும் மேலே போய், மட்டியையே மறந்த பிறகு, எனக்குத் தலைவலி தொடங்கியது. மாலையில் உடம்பு சுடும், காலையில் கொஞ்சம் விடும், மறுநாள் மாலையில் முன்னைவிடக் கூடுதலாகச் சுடும். அந்த வருஷம் நாடெங்கும் மலேரியாக் காய்ச்சல். காய்ச்சல் என்று வாயைத் திறந்தாலே கையில் கொய்னா மாத்திரையை வைப்பார்கள். நானும் காது இரையும்வரை கொய்னா விழுங்கினேன். காய்ச்சல் ஒரு படிகூட இறங்கவில்லை.

ஞானம் எனக்கு ஈரத்துணி போட்டாள், கஞ்சி வைத்தாள், மேரியைக் குளிப்பாட்டினாள், தண்ணீர் சுமந்தாள். அவளுடைய முகம் சிவந்திருந்ததை அடுப்புச் சூடு என்று நினைத்தேன். அவளுக்கும் காய்ச்சல் வந்து சில நாளாகியிருந்தது. இரண்டு பேரும் படுத்தால் பிள்ளையை யார் பார்ப்பது என்று வாயைத் திறக்காமல் நடமாடிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் பக்கத்து வீட்டு ஆசியா உம்மா வந்து அவளுடைய கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மேரியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

“புள்ளய நான் பாக்கிறன். நீங்க ரெண்டு பேரும் மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்க. இந்த மேல்சூடு நல்லதுக்கில்ல” என்றார்.

மச்சான் அப்போது மாத்தளையில் கடன் வசூலுக்குப் போயிருந்தார். தகவல் போய் ஓடி வந்தார். ஒரே ரிக்‌ஷாவில் எங்கள் இரண்டு பேரையும் ஏற்றி, தான் பின்னால் ஓடி வந்தார்.

ஆஸ்பத்திரி விறாந்தையில் மலேரியாக்காரர்கள் பாயும் தலையணையுமாக வரிசையாகக் கிடந்தார்கள். எங்களுக்கும் ஒரு ஓரம் கிடைத்தது. ஞானம் சுவரில் சாய்ந்து, என் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். எந்த உடம்பு யாருடையதைச் சுடுகிறது என்று தெரியவில்லை. “மேரிக்கு இரவில நித்திரை வராட்டில் முதுகைத் தடவ வேணும் எண்டு உம்மாவிட்டைச் சொல்ல மறந்திட்டன்” என்று அவள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். நாங்கள் ஒருவரையொருவர் தொட்டுக்கொண்டு இருந்தது அந்த விறாந்தையோடு முடிந்தது. உள்ளே கூப்பிட்டதும் என்னை ஆண்கள் வார்டுக்கும் அவளைப் பெண்கள் வார்டுக்கும் பிரித்துவிட்டார்கள்.

டாக்டர் யாழ்ப்பாணத்தார். என் நாக்கை நீட்டச் சொன்னார், வயிற்றில் தட்டினார், நாடியைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் யோசித்தார். காய்ச்சல் இவ்வளவு இருக்க நாடி இவ்வளவு மெதுவாக ஓடக்கூடாது என்றார். சட்டையைத் தூக்கி வயிற்றில் சிறிய ரோஸ் நிறப் புள்ளிகளைக் காட்டினார். ஊசியால் ரத்தம் எடுத்தார்கள். இன்ன நோயின் கிருமியோடு அந்த ரத்தத்தைக் கலந்தால், கிருமிகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டால், அந்த நோய்தான் என்று அர்த்தமாம். முடிவு வரும்வரை கிடந்த நாட்களில் நான் மலேரியாவாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். எது கிடைத்தால் போதும் என்று கெஞ்ச வேண்டிய நிலைமைக்கு மனிதன் எவ்வளவு சீக்கிரம் வந்துவிடுகிறான்.

முடிவு வந்தது. இரண்டு பேருக்கும் நெருப்புக் காய்ச்சல், அதாவது டைபாய்டு.

டாக்டர் மச்சானையும் என் கட்டிலுக்கு அருகில் கூப்பிட்டு வைத்துக் கேட்டார். பால் எங்கே வாங்குகிறீர்கள், தண்ணீர் எந்தக் குழாய், வெளியே என்ன சாப்பிட்டீர்கள். மச்சான்தான் மட்டியைச் சொன்னார், மறைக்கவில்லை.

“எங்கை வைச்சிருந்தனீர்?” என்றார் டாக்டர்.

“வாய்க்காலுக்குள்ள கட்டிவிட்டனான் ஐயா. ஒரு இரவுதான்.”

டாக்டர் என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். பிறகு, “மட்டி தண்ணியைக் குடிச்சுக் குடிச்சுத்தான் சீவிக்கிறது. எந்தத் தண்ணிக்குள்ள வைக்கிறீரோ அதுதான் அதின்ரை வயித்துக்குள்ள இருக்கும். உங்கடை கடலில மண்ணைக் கக்கினது. இஞ்சை ஊரின்ரை கக்கூசைக் குடிச்சிருக்கு” என்றார். வாய் திறந்ததும் இறக்கிய சட்டியில் அந்தக் கிருமி சாகாது என்றும் சொன்னார். ஆரம்பத்தில் எழுதியதெல்லாம் அன்றைக்கு அவர் சொன்னதுதான்.

“நானும் திண்டனான் ஐயா. இவையைவிடக் கூடத் திண்டனான். எனக்கு ஏன் வரேல்லை?”

“சின்ன வயசில இந்தக் காய்ச்சல் வந்ததோ?”

“ஓம். சாகக் கிடந்தனான் எண்டு அம்மா சொல்லுவா.”

“அப்ப உமக்கு இனி அது லேசில வராது” என்று டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். மச்சான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அவர்மேல் ஆத்திரம் வந்தது. எழுந்து உதைக்க வேண்டும்போல இருந்தது. உதைக்கக் காலில் பலம் இருக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்த ஆத்திரமும் தாங்க முடியாமல் விட்டுப்போயிற்று.

நெருப்புக் காய்ச்சலில் சிறுகுடலின் உள்பக்கம் புண்ணாகிறது. புண் ஆறும்வரை குடல் நனைந்த காகிதத்துக்குச் சமம். அதனால் எழுந்து உட்காரக்கூடாது, தானாகத் திரும்பிப் படுக்கக்கூடாது, கெட்டியாக ஒரு பருக்கைகூட வயிற்றுக்குள் போகக்கூடாது. பார்லித் தண்ணீர், மோர்த் தெளிவு, தண்ணீர் கலந்த பால். இதற்கு மருந்து என்று எதுவும் கிடையாது. பார்த்துக்கொள்வதுதான் மருந்து என்று வார்டு சிஸ்டர் சொன்னார். அவர் வெள்ளைக்காரக் கன்னியாஸ்திரி. அவருக்குத் தெரிந்த தமிழில் பாதி “வேண்டாம்”, மீதி “படு”.

காய்ச்சல் உச்சத்துக்குப் போன நாட்கள் எனக்குச் சரியாக ஞாபகமில்லை. பார்சல்களை எல்லாம் தப்பான ஸ்டேஷனுக்கு அனுப்பிவிட்டதாகக் கத்தினேனாம். ஞாபகம் உள்ளதெல்லாம் பார்வையாளர் மணிதான். பின்னேரம் ஒரு மணிநேரம் உறவினரை விடுவார்கள். மச்சான் அதைச் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார். முதல் பாதி பெண்கள் வார்டில், அடுத்த பாதி என்னிடம். மூச்சு வாங்க வருவார். அவர் வாயைத் திறக்கும்வரை என் உயிர் என்னிடம் இருக்காது. நான் பிழைப்பேனா என்பதைப் பற்றி எனக்கு அக்கறை போய்விட்டது. ஞானம் பிழைக்க வேண்டும். மேரிக்கு அவள் வேண்டும், எனக்கு அவள் வேண்டும். மாதாவிடம் நான் கேட்டது அந்த ஒன்றுதான், அதையும் வெட்கமில்லாமல் கேட்டேன்.

“இண்டைக்கு என்னை ஆரெண்டு கேட்டாள்” என்று மச்சான் ஒரு நாள் சொன்னார். “தலைமயிரை ஒட்ட வெட்டிப்போட்டினம்” என்று ஒரு நாள். அந்தக் கூந்தலைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்களாம். அதை என்ன செய்வது என்று தெரியாமல் ஆசியா உம்மாவிடம் கொடுத்து வைத்திருந்தார். பிறகு ஒரு நாள், “காய்ச்சல் இறங்குது மச்சான். என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். உங்களைக் கேட்டாள்” என்றார். நான் அழுதேன். சிஸ்டர் வந்து, “வேண்டாம்” என்றார்.

காய்ச்சல் இறங்கியதும் பசி வந்தது. அந்தப் பசியைப் பற்றி யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. பட்டினி கிடந்தவன் பசி வேறு, இது வேறு. அடுத்த கட்டில்காரர் சோறு பிசைகிற சத்தம் எனக்குக் கேட்கும். தலையணைத் துணியைக் கடித்துக்கொண்டு கிடப்பேன். சுவரில் ஓடுகிற பல்லியைப் பார்த்தால்கூட வாயூறும். டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: காய்ச்சல் விட்ட பிறகுதான் புண்ணான குடல் மிக மெல்லியதாக இருக்கும், பாசத்தில் சோறு ஊட்டிக் கொல்கிற சொந்தக்காரர்கள்தான் இந்த நோயில் அதிகம்.

அப்படி இருக்கும்போது ஒரு பின்னேரம் மச்சான் மடியில் எதையோ ஒளித்துக்கொண்டு வந்தார். வாழையிலைப் பொதி. வெளியே எடுக்கவில்லை. ஆனால் சோற்று மணம் வந்துவிட்டது. சூடான சோறும் பருப்பும்.

“அவள் ஒரு கிழமையாய்ச் சோறு கேட்டு அழுறாள் மச்சான். அண்ணை, ஒரு பிடி தாங்கோ, ஒரு பிடி போதும் எண்டு கையைப் பிடிக்கிறாள். எனக்குத் தாங்கேலாமல் கிடக்கு. கடையில வாங்கிக்கொண்டு போனன். சிஸ்டர் அங்கால போயிட்டா. குடுத்திருப்பன்.”

“குடுத்துட்டீங்களா?”

“இல்லை. அவளே வேண்டாமெண்டாள். அவரிட்டைக் கேட்டு வாங்கோ, அவர் ஓமெண்டால் சாப்பிடுறன் எண்டாள். அதுதான் ஓடி வந்தனான். என்ன சொல்லுறியள்?”

நான் அவருடைய மடியைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். எனக்கே அதைப் பிடுங்கித் தின்ன வேண்டும்போல இருந்தது. ஒரு பிடிதானே என்று என் மனமும் சொன்னது. அவளுடைய பசி எனக்குத் தெரியும். உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாத அளவுக்குத் தெரியும்.

“குடுக்காதீங்க” என்றேன். “நான் வேணாம்னு சொன்னேன்னு சொல்லுங்க. எழும்பினதும் அவளுக்கு நானே பொங்கிப் போடுறேன்னு சொல்லுங்க.”

மச்சான் போனார். மணி அடிக்கிற நேரத்தில் திரும்பி வந்து வாசலில் நின்றார்.

“என்ன சொன்னா?”

“கண்ணை மூடிக்கொண்டாள்.”

பொதியை விறாந்தையில் இருந்த ஒரு மலேரியாக்காரனுக்குக் கொடுத்துவிட்டாராம். நல்ல காரியம் செய்தோம் என்று நாங்கள் இரண்டு பேரும் நினைத்தோம். அன்றைக்கு எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.

அதற்கு அடுத்த நாள் மச்சான் சொன்னவை தெளிவாக இருக்கவில்லை. சோர்ந்து கிடக்கிறாள் என்றார். முகம் வெளுத்திருக்கிறது என்றார். டாக்டர் ஊசி போட்டிருக்கிறார் என்றார். காலில் பலம் வந்தால் ஊர்ந்தாவது போய்ப் பார்ப்பேன் என்று நான் எழும்பப் பார்த்தேன். சிஸ்டர் என் நெஞ்சில் கை வைத்து அழுத்தினார். கொஞ்சம் அழுத்தினாலே போதுமாக இருந்தது.

அதன் பிறகு வந்த பின்னேரம் மணி அடித்த உடனே மச்சான் என் வார்டுக்குள் வந்தார். மூச்சு வாங்கவில்லை. மெதுவாக நடந்து வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். என் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். மேரி ஆசியா உம்மாவின் கோழிக்குஞ்சுகளோடு விளையாடுகிறாள் என்றார். மழை என்றார். பாதி நேரம் போனது. அவர் எழும்பவில்லை.

“அங்க போகலயா மச்சான்?” என்று கேட்டேன்.

“போறன்” என்றார். போகவில்லை.

மற்றக் கட்டில்காரர்களைப் பார்க்க வந்தவர்கள் எழுந்து போனார்கள். கடைசி மணி அடித்தது. அவர் அப்போதும் அந்த ஸ்டூலில்தான் இருந்தார். முழு மணிநேரத்தையும் எனக்கே தந்துவிட்டார்.

டாக்டர் பிறகு வந்து சொன்னார். புண் இருந்த இடத்தில் ரத்தக்குழாய் வெடித்து உள்ளே ரத்தம் போயிற்று. காய்ச்சலோடு நடமாடியதில் குடல் அதிகமாகக் கெட்டிருந்தது. “சோறு குடுத்திருந்தால் அண்டைக்கே போயிருக்கும். நீர் செய்தது சரி” என்றார். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னார். சரியாகச் செய்தும் அவள் போய்விட்டாள் என்பதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது. அந்த ஒரு பிடியைத் தின்றுவிட்டாவது போயிருப்பாளே என்றுதான் எனக்கு ஓடியது. இன்றைக்கும் ஓடுகிறது.

மகாயாவைச் சவக்காலைக்கு அவளைப் புதைக்கக் கொண்டுபோனபோது நான் மல்லாக்கப் படுத்து பார்லித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். குடிக்காவிட்டால் மூக்கால் குழாய் விடுவதாகச் சிஸ்டர் சைகை காட்டினார்.

இரண்டு கிழமைக்குப் பிறகு டாக்டர் எனக்குச் சோற்றுக்கு உத்தரவு கொடுத்தார். குழையக் குழைய வேகவைத்து, துணியில் மசித்து, பால் விட்ட சோறு. ஆசியா உம்மா வீட்டில் செய்து மச்சான் ஒரு பீங்கான் கிண்ணத்தில் கொண்டுவந்தார். அவர்தான் கரண்டியால் ஊட்டினார்.

முதல் வாயை விழுங்க மாட்டேன் என்று நினைத்தேன். அவளுடைய முகம் வரும், துப்பிவிடுவேன் என்று பயந்தேன். அப்படி எதுவும் நடக்கவில்லை. ருசியாக இருந்தது. நான் அவருடைய கையைத் தள்ளிவிட்டுக் கிண்ணத்தை வாங்கி, விரலால் வழித்து, அடியில் ஒட்டியதையும் தின்றேன்.

“இன்னும் இருக்கா மச்சான்?” என்று கேட்டேன்.